நலம் காப்போம்: மயக்கமெல்லாம் மனக்கவலை அல்ல



இம்மாதம் ஒரு அக்காவின் கதையோடு தொடங்குகிறேன். பெரியநீலாவணையைச் சேர்ந்தவர். வயது 57. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆனால், "நம்மளப்போல உள்ள பொம்புளையளுக்குத் தெரியட்டும், எழுதுங்க" என்றும் சொன்னார்.

1990ஆம் ஆண்டில் அவருடைய கணவர் காணாமற் போனார். அப்போது கையில் ஒரு பெண் குழந்தை. அதே ஆண்டின் இடப்பெயர்வில் ஷெல் வெடித்து வலது கெண்டைக்காலில் காயம். 2004இல் கடல் வந்து வீட்டையும் கொண்டுபோனது. இத்தனைக்கும் பிறகு மருதமுனையில் ஒரு தறிக்கூடத்தில் கைத்தறி நெய்து மகளை வளர்த்தவர் அவர்.

சில மாதங்களுக்கு முன் தறியில் இருந்தபடியே மயங்கி விழுந்தார். ஒரு நிமிடத்துக்குள் எழும்பி, தண்ணீர் குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இரண்டாம் முறை கிணற்றடியில். "கவலைதான்கா, வேறொண்ணுமில்ல" என்றார்கள் சுற்றியிருந்தவர்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். கோயிலில் நூல் கட்டினார்கள். தறிக்கூடம் நடத்தும் ராத்தா தண்ணீர் ஓதிக் கொண்டுவந்து கொடுத்தார். மருந்து எடுக்கப் போன ஓர் இடத்தில், கணவர் காணாமற் போன கதையைக் கேட்டதும், நித்திரைக்குளிசை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் முறை விழுந்தபோது நெற்றி உடைந்தது. அந்த ராத்தாவே ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றார். அங்கேதான் முதன்முதலாக அக்காவுக்கு ஈசிஜி எடுத்தார்கள். பிரச்சினை மனத்தில் அல்ல, இதயத்துக்குள் ஓடும் மின் பாதையில் என்பது அன்று தெரிந்தது.

போரைக் கடந்து வந்த பெண்களுக்கு எந்த வருத்தம் வந்தாலும் "கவலை" என்று ஒரே பெயரைச் சூட்டிவிடுகிறோம். கவலை உண்மைதான். ஆனால் கவலை உள்ள பெண்ணுக்கும் இதயம் உண்டு; அதற்கும் நோய் வரும். எனவே இம்மாதம் இதயத்தின் மின் பாதை பற்றியும், அதில் பழுது ஏற்பட்டால் யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை இதயப் படங்கள் எவ்வாறு முன்கூட்டியே காட்டுகின்றன என்பது பற்றியும் பேசுவோம்.

கரைவலையும் இதயமும்

நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்க்காதவர் இல்லை. இரண்டு கயிறு, இரண்டு வரிசை ஆட்கள். ஒருவர் குரல் கொடுக்க, இரு பக்கமும் ஒரே நேரத்தில் இழுக்கிறார்கள். குரல் ஒரு பக்கத்துக்குப் பிந்திக் கேட்டால் என்ன நடக்கும்? அந்தப் பக்கம் பிந்தி இழுக்கும், வலை கோணும், மீன் நழுவும். ஆட்களின் கையில் பலம் இருந்தும் வேலை சரிவராது.

இதயமும் அப்படியே. அதன் வலது மேலறையில் ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. அதுதான் குரல் கொடுப்பவர். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை அது ஒரு சிறிய மின் துடிப்பை அனுப்பும். அந்தத் துடிப்பு மேலறைகளைக் கடந்து நடுவிலுள்ள இன்னொரு முடிச்சுக்கு வரும். அங்கே ஒரு கணம் தரித்து, கீழே ஒரு கட்டாக இறங்கி, வலது, இடது என இரு கிளைகளாகப் பிரிந்து கீழறைகளுக்குப் போகும். இரு கீழறைகளும் ஒன்றாகச் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை இது நடக்கிறது. நடுவிலுள்ள அந்த முடிச்சை 1906ஆம் ஆண்டில் விவரித்தவர் சுனாவோ தவாரா என்னும் ஜப்பானிய வைத்தியர். மேலே இருக்கும் முதல் முடிச்சை அடுத்த ஆண்டு, 1907இல், கீத், பிளாக் என்னும் இரு பிரித்தானியர் விவரித்தார்கள்.

இந்தப் பாதையில் தாமதமோ தடையோ ஏற்படுவதையே கடத்தல் தடை என்கிறோம். வைத்தியர்கள் "ஹார்ட் புளொக்" என்பார்கள். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "நெஞ்சில் அடைப்பு" என்று நாம் வழமையாகச் சொல்வது இரத்தக் குழாயில் கொழுப்புப் படிந்து வரும் அடைப்பு. இது அதுவல்ல. அது தண்ணீர்க் குழாய் அடைபடுவது போன்றது. இது மின்கம்பி பழுதாவது போன்றது. இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். "உங்களுக்குப் புளொக் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், "எந்தப் புளொக் டொக்டர், குழாயிலா, கம்பியிலா?" என்று கேளுங்கள். கேட்பது தவறல்ல.

கடத்தல் தடைக்குப் பல காரணங்கள் உண்டு. வயதாகும்போது பாதையில் தழும்பு விழுவது பொதுவான காரணம். மாரடைப்பு, நீண்டகால இரத்த அழுத்தம், இதயத் தசை அழற்சி, இதயத் தசையே பலவீனமாகும் நோய்கள் ஆகியனவும் காரணமாகும். அதெனலோல், வெரபமில், டிகொக்சின் போன்ற சில மாத்திரைகளும் இந்தப் பாதையை மெதுவாக்கக் கூடியவை. ஆகவே நீங்கள் குடிக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் வைத்தியருக்குக் காட்ட வேண்டும்.

ஈசிஜி சொல்வதும் சொல்லாததும்

ஈசிஜி என்பது இதயத்தின் மின் ஓட்டத்தைத் தாளில் கோடாக வரையும் பரிசோதனை. கையிலும் காலிலும் நெஞ்சிலும் சிறு பட்டிகளை ஒட்டுவார்கள். நோவு இல்லை, கரண்ட் அடிக்காது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அந்தக் கட்டமிட்ட தாளில் ஒரு சின்னக் கட்டம் என்பது ஒரு செக்கனின் 25இல் ஒரு பங்கு. கீழறைகள் இயங்குவதைக் காட்டும் உயர்ந்த கோடு மூன்று சின்னக் கட்டத்துக்குள் முடிய வேண்டும். அதைவிட அகன்றால், கிளைகளில் ஒன்றில் தாமதம் இருக்கக்கூடும். இடது கிளை என்றால் எல்.பி.பி.பி. என்றும், வலது கிளை என்றால் ஆர்.பி.பி.பி. என்றும் எழுதுவார்கள். வலது கிளைத் தடை எந்த நோயும் இல்லாத பலரிடமும் காணப்படும். பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. இடது கிளைத் தடை அப்படியல்ல. அதற்குப் பின்னால் வேறு இதய நோய் மறைந்திருக்கக் கூடும். ஆகவே அதைக் கண்டால் மேலும் சோதிக்க வேண்டும்.

அந்த அக்காவின் ஈசிஜியில் இருந்தது இடது கிளைத் தடை. வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி: "பழைய ஈசிஜி ஏதாவது இருக்கா அம்மா?"

அக்காவிடம் இல்லை. இடம்பெயர்ந்தவரிடம், கடல் கொண்டுபோன வீட்டில் இருந்தவரிடம், பழைய தாள் எப்படி இருக்கும்? பழையது இருந்தால் தடை புதியதா, பல ஆண்டாக இருப்பதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். புதியதென்றால் அவசரம் அதிகம். பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்த நமக்கு, இழந்த ஈசிஜி தாளுக்கும் ஒரு விலை உண்டு என்பது அன்று புரிந்தது.

ஈசிஜியால் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. கம்பியில் பழுது என்று அது சொல்லும். ஆனால் தசை எப்படி இருக்கிறது, எவ்வளவு பலத்தோடு தள்ளுகிறது, வால்வு நன்றாக மூடுகிறதா, தழும்பு இருக்கிறதா என்று சரியாகச் சொல்லாது. அதற்குத்தான் படம் தேவைப்படுகிறது.

மீன் பார்க்கும் கருவியின் உறவுக்காரி

ஆழ்கடலுக்குப் போகும் படகுகளில் மீன் கூட்டத்தைக் காட்டும் கருவி இருக்கும். ஒலியைக் கடலுக்குள் அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்புவதை வைத்துப் படம் காட்டும். எக்கோ பரிசோதனையும் அதே வழிதான். நம் காதுக்குக் கேட்காத ஒலியை நெஞ்சுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியால் இதயத்தைத் திரையில் காட்டுகிறது. 1953ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற வைத்தியரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் இதை முதன்முதலில் செய்தார்கள். இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கப்பல் கட்டும் தளத்தில் வைத்திருந்த கருவியைத்தான் அவர்கள் முதலில் பயன்படுத்தினார்கள்.

எக்கோவில் கதிர்வீச்சு இல்லை. கர்ப்பிணிகளுக்கும் பாதுகாப்பானது. இடது பக்கமாகச் சரிந்து படுக்கச் சொல்வார்கள். நெஞ்சில் குளிர்ந்த பசை பூசி ஒரு சிறு கருவியை வைத்துப் பார்ப்பார்கள். அரை மணி நேரம் வரை ஆகலாம். மேற்சட்டையைத் தளர்த்த வேண்டியிருப்பதால் பல சகோதரிகள் இதற்குப் போகவே வெட்கப்படுகிறார்கள். ஒரு பெண் தாதி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். துணியால் மூடிக்கொள்ளவும் கேட்கலாம். முன்னால் திறக்கும் சட்டையை உடுத்திக்கொண்டு போனால் இலகு.

படம் எப்படி ஆபத்தை முன்கூட்டிச் சொல்கிறது?

எக்கோ அறிக்கையில் ஈ.எப். என்று ஒரு எண் இருக்கும். இடது கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவு ஒரு துடிப்பில் வெளியே தள்ளப்படுகிறது என்பதே அது. நல்ல இதயமும் முழுவதையும் தள்ளுவதில்லை. 55 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. இந்த எண் குறையக் குறைய, இதயம் பலவீனமாவதற்கும் ஆபத்தான துடிப்புக் குழப்பங்கள் வருவதற்கும் வாய்ப்புக் கூடுகிறது. 35 அல்லது அதற்குக் கீழே என்பது வைத்தியர்கள் மிகவும் கவனிக்கும் எல்லை.

ஒரே மாதிரி ஈசிஜி உள்ள இரண்டு பெண்களை நினைத்துப் பாருங்கள். இருவருக்கும் இடது கிளைத் தடை. ஒருவரின் ஈ.எப். 60, தசை, வால்வு எல்லாம் நலம், மயக்கமும் இல்லை. அவருக்கு ஒழுங்கான கண்காணிப்பே பெரும்பாலும் போதும். மற்றவரின் ஈ.எப். 30, இதயம் விரிந்து, ஒரு சுவர் பிந்திச் சுருங்குகிறது. முதலில் இதயத்துக்குப் பலம் கொடுக்கும் மாத்திரைகளை ஒழுங்காகக் கொடுத்து, சில மாதங்களின் பின் மீண்டும் எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். அப்போதும் எண் ஏறாவிட்டால், இரு பக்கத்தையும் ஒன்றாகச் சுருங்கச் செய்யும் மூன்று கம்பிப் பேஸ்மேக்கர், ஆபத்தான துடிப்பு வந்தால் அதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றும் கருவி என்பனவற்றைப் பற்றி யோசிப்பார்கள். ஈசிஜி தாள் ஒன்றுபோல இருந்தாலும், வழி இரண்டாகப் பிரிவது படத்தினால்தான்.

மூன்று கம்பிக் கருவி பற்றி 2009இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாகப் பயனடைந்தார்கள். அதிலும் இடது கிளைத் தடை உள்ள பெண்கள். இதய நோய் ஆண்களின் நோய் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அக்காவின் கதைக்கு வருவோம். அவரை வாட்டில் வைத்து இதயத் துடிப்பைத் தொடர்ந்து பார்த்தபோது, சில வேளைகளில் மேலிருந்து வரும் துடிப்பு கீழே போகாமல் நின்றுவிடுவது தெரிந்தது. அந்த நேரத்தில்தான் அவர் மயங்கியிருக்கிறார். அவருக்குப் பேஸ்மேக்கர் கட்டாயம் தேவை. எந்தப் பேஸ்மேக்கர் என்பதை எக்கோ தீர்மானித்தது. ஈ.எப். 40. சாதாரணப் பேஸ்மேக்கர் ஒரு பக்கத்திலிருந்தே இதயத்தை இயக்கும். ஏற்கெனவே பலம் குறைந்த இதயத்தை எந்நேரமும் ஒரு பக்கத்திலிருந்து இயக்கினால் அது மேலும் பலவீனமாகலாம். ஆகவே அவருக்கு மூன்று கம்பிக் கருவியே நல்லது என்று முடிவெடுத்தார்கள். பேஸ்மேக்கர் வைக்க முன்னரே எக்கோ எடுப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். அமெரிக்க வைத்தியச் சங்கங்கள் 2018இலும் ஐரோப்பியச் சங்கம் 2021இலும் வெளியிட்ட வழிகாட்டல்களும் இதையே வலியுறுத்துகின்றன.

அதேநேரம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈசிஜியில் சிறு தாமதம் மட்டும் இருந்து, வேறு அறிகுறியோ இதய நோயோ இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு ஸ்கானும் தேவை என்றில்லை. வைத்தியர் "தேவையில்லை" என்றால், கடன் வாங்கித் தனியார் இடங்களுக்கு ஓட வேண்டாம். ஏன் தேவையில்லை என்று கேட்டு விளங்கிக்கொண்டால் போதும்.

உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்கள் கவனிக்க

சிலருக்கு எக்கோ போதாது. எக்கோவில் எல்லாம் சரியாகத் தெரிந்தும் தசையில் மறைந்த நோய் இருக்கலாம் என வைத்தியர் சந்தேகித்தால், இதய எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொல்லலாம். இதில் ஊசி வழியாக ஒரு மருந்தை ஏற்றிப் படம் எடுக்கும்போது, தசையிலுள்ள தழும்புகள் வெள்ளையாகத் தெரியும். ஈ.எப். அதிகம் குறையாதவர்களிலும், தழும்பு இருந்தால் திடீர் ஆபத்து கூடுதல் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இளவயதில் கடத்தல் தடை வந்தவர்களுக்கு, அதற்குக் காரணமான சில நோய்களைக் கண்டுபிடிக்கவும் இது உதவும்.

ஆனால் எம்.ஆர்.ஐ. என்பது மிகப் பெரிய காந்தம். உடம்பிலுள்ள இரும்புத் துண்டை அது இழுக்கவோ சூடாக்கவோ கூடும். கண்ணிலோ, மூளையிலோ, முள்ளந்தண்டுக்கு அருகிலோ, பெரிய இரத்தக் குழாய்க்கு அருகிலோ துண்டு இருந்தால் மிகவும் ஆபத்து. ஷெல், குண்டு, கண்ணிவெடி இவற்றின் துண்டு உடம்பில் உள்ளவர்கள், இருக்கலாம் எனச் சந்தேகிப்பவர்களும், கேட்கும்வரை காத்திராமல் தாங்களே சொல்ல வேண்டும். 30 வருடத்துக்கு முந்திய காயமானாலும் சொல்லுங்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

நம்மில் பலர் இந்தக் காயங்களைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கே, எப்படி, யாரால் என்ற கேள்விகள் வரும் என்ற பயம். ஸ்கான் அறையில் அந்தக் கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. "உடம்பில் இரும்புத் துண்டு இருக்கிறது, இந்த இடத்தில்" என்று சொன்னால் போதும். அக்கா தன் கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டினார். எக்ஸ்ரேயில் இரண்டு துண்டுகள் தெரிந்தன. எக்கோவிலேயே தேவையான விபரம் கிடைத்துவிட்டதால் எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று வைத்தியர்கள் முடிவெடுத்தார்கள்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் தாலி, காப்பு, தோடு, ஹிஜாப் ஊசி, சட்டைப்பின் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கர்ப்பமாக இருந்தாலும், சிறுநீரக வருத்தம் இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் அதற்கென்று கொடுத்த அட்டையைக் காட்ட வேண்டும், எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற கருவியா என்பது அதிலிருந்து தெரியவரும்.

ஒரு மனைவியின் பிடிவாதம்

உடம்புக்குள் வைக்கும் பேஸ்மேக்கர் வந்த கதையில் ஒரு பெண் இருக்கிறார். சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குக் கடத்தல் தடை. ஒரு நாளில் 20, 30 தடவை மயங்குவார். அவருடைய மனைவி எல்ஸ்-மரீ லார்சன், ஓகே சென்னிங் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரையும் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியியலாளரையும் தேடிப் போனார். மனிதருக்கு வைக்கக்கூடிய கருவி எதுவும் இன்னும் தயாரில்லை என்றார்கள். "அப்படியென்றால் ஒன்றைச் செய்யுங்கள்" என்று விடாமல் நின்றார் அவர். 1958 ஒக்டோபர் 8ஆம் திகதி உலகின் முதலாவது பேஸ்மேக்கர் ஆர்னேயின் உடம்பில் வைக்கப்பட்டது. அது சில மணித்தியாலமே வேலை செய்தது. பிறகு இன்னொன்று வைத்தார்கள். வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்கள் மாற்றியவர் ஆர்னே. 2001இல் தமது 86ஆவது வயதில்தான் காலமானார், அதுவும் இதய நோயால் அல்ல.

வாசலில் நின்று கேட்பது நமக்குப் புதிதல்ல. முகாம் வாசலிலும், அலுவலக வாசலிலும், ஆணைக்குழு முன்னாலும் கணவருக்காகவும் பிள்ளைக்காகவும் ஆண்டுக்கணக்கில் நின்றவர்கள் நாம். அதில் ஒரு நாளையாவது நமக்காகக் கிளினிக் வாசலில் நின்றால் என்ன?

கருவிலுள்ள குழந்தைக்கும் படம்

தாய் வயிற்றிலேயே சில குழந்தைகளுக்குக் கடத்தல் தடை வருவதுண்டு. தாயின் இரத்தத்தில் ஆன்டி-ரோ என்னும் எதிர்ப்புப் பொருள் இருந்தால், அது குழந்தையின் மின் பாதையைத் தாக்கலாம். லூபஸ், ஷோகிரன் போன்ற வருத்தம் உள்ள தாய்மாரிடம் இது கூடுதலாகக் காணப்படும். எந்த வருத்தமும் தெரியாத தாயிடமும் இருக்கலாம். இந்தப் பொருள் உள்ள 100 தாய்மாரில் ஏறத்தாழ 2 பேரின் குழந்தைக்கே தடை வருகிறது. ஆனால் முன்பு ஒரு குழந்தைக்கு வந்திருந்தால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும். கர்ப்பத்தின் 16 முதல் 26 வாரத்துக்குள் குழந்தையின் இதயத்தை எக்கோவில் பார்த்து இதைக் கண்டறியலாம். மூட்டு நோ, முகத்தில் சிவந்த தடிப்பு, வறண்ட கண், வாய், அல்லது காரணம் தெரியாமல் குழந்தை இறந்து பிறந்த அனுபவம் உள்ளவர்கள் குடும்பநல மாதுவிடம் தயங்காமல் சொல்லுங்கள். அந்த இழப்பு உங்கள் குற்றமல்ல. ஒருவேளை அதற்கு ஒரு பெயரும், அடுத்த முறைக்கு ஒரு வழியும் இருக்கலாம்.

கவலையும் இதயத்தைத் தொடும்

கவலைக்கும் இதயத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. கடும் துக்கமோ அதிர்ச்சியோ வந்தவுடன் இதயத்தின் நுனி திடீரென்று ஊதிப் பலமிழக்கும் ஒரு நோயை ஜப்பானிய வைத்தியர்கள் 1990ஆம் ஆண்டளவில் விவரித்தார்கள். படத்தில் அந்த இதயம் கணவாய் இனத்தைச் சேர்ந்த சாக்குக்கணவாயைப் பிடிக்கும் பானையைப் போலத் தெரிந்ததால், அந்தப் பானையின் பெயரையே வைத்து 'தகோட்சுபோ' என்றார்கள். 2004இல் ஜப்பானின் நீகாதாவில் பூமி அதிர்ந்த பின் இந்த நோய் அங்கே கூடியது. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலானோர் மாதவிடாய் நின்ற பெண்கள். பெரும்பாலும் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

அதாவது கவலையால் வந்ததென்றாலும் படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். "கவலை" என்ற சொல்லோடு பரிசோதனை முடிந்துவிடக் கூடாது.

எந்த மயக்கம் ஆபத்தானது?

வெயிலில் நெடுநேரம் நின்று, நோன்பிலோ விரதத்திலோ தண்ணீர் குறைந்து, இரத்தம் கண்டு மயங்குவது பலருக்கு வரும். முதலில் வியர்க்கும், வயிற்றைப் புரட்டும், கண் இருட்டும், படுத்தால் தெளியும். இது பெரும்பாலும் ஆபத்தில்லை. இருந்தாலும் திரும்பத் திரும்ப வந்தால் காட்ட வேண்டும்.

பின்வருவன இருந்தால் தாமதிக்க வேண்டாம்:

எந்த முன்னறிகுறியும் இல்லாமல் திடீரென்று விழுதல்.
இருந்தபடியோ படுத்தபடியோ மயங்குதல்.
வேலை செய்யும்போது, நடக்கும்போது மயங்குதல்.
மயங்குமுன் நெஞ்சு படபடத்தல், அல்லது நெஞ்சு நோ, இளைப்பு இருத்தல்.
நாடி மிக மெதுவாக அடித்தல்.
குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருத்தல்.

மயங்கியவர் உடனே தெளியாவிட்டாலோ நெஞ்சு நோ இருந்தாலோ 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நம்மில் பலருக்கு அந்த எண்ணைக் கேட்டாலே நெஞ்சு கனக்கும் என்பது தெரியும். ஆனாலும் மனப்பாடம் செய்து வையுங்கள். இந்த 1990 உயிரைக் காப்பாற்றுவதற்கானது.

கிளினிக்குக்குப் போகும்போது

எப்போது, எங்கே, என்ன செய்துகொண்டிருக்கும்போது மயங்கினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். விழுந்ததைக் கண்டவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது மிகவும் நல்லது.

குடிக்கும் குளிசைகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்தையும் சேர்த்து, ஒரு பையில் கொண்டுபோங்கள்.

ஈசிஜி தாள் சூட்டில் அச்சாகும் தாள். சில ஆண்டுகளில் எழுத்து மங்கிப்போகும். கிடைத்த அன்றே போட்டோக்கொப்பி எடுங்கள். போனில் படம் பிடித்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். இன்னொரு வெள்ளமோ இடப்பெயர்வோ வந்தாலும் அது தப்பும்.

இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: "என் ஈசிஜியில் எந்தக் கிளையில் தடை?" "எனக்கு எக்கோ தேவையா? ஈ.எப். எவ்வளவு?" "அடுத்த எக்கோ எப்போது?" பதில்களைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அரசாங்க வைத்தியசாலைகளில் இவற்றுக்குக் கட்டணமில்லை. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் உள்ள வைத்தியசாலைகளில் முதலில் காட்டி, தேவையென்றால் அங்கிருந்து மேலிடத்துக்குத் துண்டு எழுதி வாங்கலாம். திகதி பல மாதம் தள்ளிப் போடப்பட்டிருந்து இடையில் மீண்டும் மயக்கம் வந்தால், அந்தத் திகதிவரை காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

அக்கா கொழும்புக்குப் போகும் நாளில் பின்வாங்கப் பார்த்தார். பஸ் காசு, ஒரு வாரத் தறிக்கூலி, "நான் இல்லாட்டி மகள் தனிச்சிருவாளே" என்ற பயம். "நீ போகாட்டித்தான் அவள் தனிச்சிருவாள்" என்று சொல்லி ராத்தா பஸ்ஸில் ஏற்றிவிட்டார். தானும் கூடவே ஏறினார். கருவி கிடைக்கும்வரை வாட்டில் காத்திருந்து, வைத்துக்கொண்டு வந்தார் அக்கா. ஆறு மாதத்தின் பின் எடுத்த எக்கோவில் ஈ.எப். 48. மயக்கம் இல்லை.

போன கிழமை தறிக்கூடத்தில் அவரைக் கண்டேன். இடது தோளின் கீழ் சிறு மேடு. அதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கவல போகல்ல புள்ள. அவர் வருவார் எண்டு இன்னும் பாத்துக்கொண்டுதான் இருக்கன். ஆனா, பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கும் உசிர் வேணும்தானே?"

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ அயலிலோ அடிக்கடி மயங்கி விழும் ஒருவர் இருந்தால், இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு ஒரு ஓட்டோவைப் பிடியுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.